ஆறு சிலிண்டரும் ஒரு வெள்ளைக்கோடும்

வெள்ளைத்துரையிடம் அந்தக் காரைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்வார். விருதுநகரில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் இரண்டாவது தடவை சாம்பார் கேட்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். "ஆறு சிலிண்டரு. டீசலு. நாலு வருசமா ஓட்டுதேன், ஒருநாள் ஒருபொழுது நடுரோட்டுல நின்னதில்ல." ஓட்டியது அவர் இல்லை, டிரைவர் இசக்கிப்பாண்டி. அந்த வித்தியாசம் அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

ஆமத்தூரில் பலசரக்குக் கடைக்காரர் மகனாகப் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சிவகாசியில் இன்னொருவர் பட்டாசு ஆலையில் போர்மேனாகச் சேர்ந்தவர் அவர். முப்பத்தெட்டாவது வயதில் நாரணாபுரம் பக்கம் சொந்தமாக ஆலை போட்டார். புஸ்வாணமும் தரைச்சக்கரமும்தான் சரக்கு. ஊரின் பெரிய முதலாளிகள் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது. ஆனாலும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் நின்றாவது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை அவரை விட்டதே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் ஓட்டிக் கைமாற்றிய அந்தக் கறுப்பு ஜெர்மன் வண்டியை அவர் வாங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வாங்கிய வாரமே இருக்கன்குடி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். அப்படியே செல்போனில் இருந்த "ஆறு சிலிண்டர் நண்பர்கள்" என்ற குழுவிலும் சேர்ந்தார். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் அந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் முப்பது நாற்பது பேர் அதில் உண்டு. அங்கே வெள்ளைத்துரை எழுதாத நாளில்லை. இன்ஜின் சத்தத்தைப் பதிவுசெய்து போடுவார். மைலேஜ் போடுவார். யாராவது தன் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று எழுதினால் போதும், "ஓட்டுறவன் கையில இருக்கு தம்பி" என்று பாடம் நடத்துவார்.

இதெல்லாம் வெறும் பீத்தல் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத சங்கதி ஒன்று அந்த மனிதரிடம் இருந்தது. அதுதான் வெள்ளைக்கோடு.

அவர் போர்மேனாக இருந்த ஆலையில் ஒரு சீசன் சமயம், லோடு ஏற்றி முடிப்பதற்குள் வேன்காரன் ஒருவன் அவசரப்பட்டு வண்டியைக் கிளப்பினான். புகைக்குழாயிலிருந்து ஒரு பொறி தெறித்தது. அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அங்கே அந்தக் குடோன் இல்லை. உள்ளே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்களில் வெள்ளைத்துரையின் தம்பி முனியராஜும் ஒருவன். அவனை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வெள்ளைத்துரை. மூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

சொந்த ஆலை போட்டதும் அவர் செய்த முதல் வேலை, கேட்டுக்கு நாற்பது அடி முன்னால் ரோட்டின் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டது. எந்த வண்டியானாலும் அந்தக் கோட்டில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மற்ற ஆலைகளில் லாரியின் புகைக்குழாய்க்கு வலைமூடி மாட்டி உள்ளே விடுவார்கள். இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. லாரியா, ஆள் விட்டுத் தள்ளு. வேனா, தள்ளு. முதலாளி காரா, அதையும் தள்ளு. "வெள்ளைக்கோட்டு முதலாளி" என்று அவருக்குப் பெயர் வந்தது. பதினேழு வருடத்தில் அவருடைய ஆலையில் ஒரு உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் பெரிய முதலாளிகளை விடப் பெரியவர்தான், அதை மறுப்பதற்கில்லை.

ஆகவே ஜெர்மன்காரன் பார்த்துப் பார்த்துச் செய்த அந்த ஆறு சிலிண்டர் வண்டி தினமும் காலையில் கோட்டில் வந்து நிற்கும். இசக்கிப்பாண்டி சாவியைத் திருப்பி அணைத்து நியூட்ரலில் போடுவான். வாட்ச்மேன் முனியசாமியும் லோடு ஏற்றுகிற நாலு பேரும் வந்து பின்னால் கை கொடுப்பார்கள். முதலாளி உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டி கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு உருண்டு போகும். வேலைக்கு வரும் பெண்கள் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். "எம்புட்டுப் பெரிய காரா இருந்தாலும் நம்ம ஆளுக தள்ளுனாத்தான் போகும்" என்று ஒருத்தி சொன்னது வெள்ளைத்துரையின் காதிலும் விழுந்தது. அவருக்கு அதில் பெருமைதான்.

முதல் சர்வீசுக்கு மதுரைக்குப் போய் வந்த அன்றே இசக்கிப்பாண்டி ஒரு விஷயம் சொன்னான். அப்போதே ஏழு வருடமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான்.

"மொதலாளி, மெக்கானிக்கு ஒண்ணு சொன்னாப்ல. வேகமா ஓட்டிட்டு வந்தா டக்குனு அணைக்கக்கூடாதாம். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டு அப்புறமா அணைக்கணுமாம். கோட்டுக்கு இங்கிட்டே வேப்பமரத்தடில நிப்பாட்டி, ரெண்டு நிமிசம் விட்டுட்டு, அப்புறம் கோட்டுக்குப் போவமா?"

"என் கம்பெனி வாசல்ல நான் ரெண்டு நிமிசம் காத்துக் கெடக்கணுமாலே? பொம்பளையாளுக என்ன நினைப்பாக? யாரு லேட்டா வாரான்னு மொதலாளி ஒளிஞ்சு நின்னு பாக்காகன்னு சொல்லமாட்டாகளா?"

"இன்ஜினுக்கு நல்லதாம் மொதலாளி."

"ஏலே, இது ஆறு சிலிண்டரு. நோஞ்சான் வண்டியா? கோட்டுல அணைக்கணும்னா அணை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இசக்கிப்பாண்டி மெதுவாக ஓட்டியாவது சரிக்கட்டலாம் என்று பார்த்தான். அதுவும் நடக்கவில்லை. ஆலைக்குப் பிரியும் ரோடு இரண்டு கிலோமீட்டருக்கு நேராகக் கிடக்கும். இருபுறமும் கருவேலம், ஆள் நடமாட்டம் இல்லை. அந்த ரோட்டில் ஏறியதும் வெள்ளைத்துரை முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, "மிதிலே" என்பார். வண்டி பாயும். முதுகு சீட்டில் ஒட்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் காலையில் குளித்துக் கிளம்புகிறாரோ என்று இசக்கிப்பாண்டிக்குத் தோன்றும். கோடு வரைக்கும் மிதி, கோட்டில் டக்கென்று அணை. நாலு வருடம் ஒரு நாள் விடாமல் இதுதான் நடந்தது.

நாலாவது வருடம் ஆடி மாதத்தில் வண்டியில் ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. காலையில் கிளப்பினால் நீலமாகப் புகை வந்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. இசக்கிப்பாண்டி அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு வந்தான். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று மூன்று தடவை சொன்னான். சீசன் முடியட்டும், தீபாவளி ஆர்டர் போகட்டும் என்றார் முதலாளி. குழுவில் மட்டும், 'நாலு வருடம், ஒரு பிரச்சினை இல்லை' என்று எழுதினார். விசில் சத்தத்தைப் பற்றி அங்கே அவர் மூச்சு விடவில்லை.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டரை மணி. உள்ளே நூற்று எண்பது பேர் வேலையில் இருந்தார்கள். கேட்டை ஒட்டி உட்புறம் ஒரு லாரி பாதி லோடோடு நின்றது. வழக்கம்போல வண்டி கோட்டுக்கு வந்து நின்றது. வழக்கம்போல இசக்கிப்பாண்டி சாவியைத் திருப்பினான்.

வண்டி அணையவில்லை.

முன்பலகை விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. இன்ஜின் மட்டும் ஓடியது. ஓடியது மட்டுமல்ல, யாரும் மிதிக்காமலே சத்தம் ஏறியது. உறுமல் கதறலாக மாறியது. பின்னால் புகை வெள்ளை வெளேரென்று கிளம்பி, காற்றோடு முன்னால் வந்து கேட்டை மறைத்தது. இசக்கிப்பாண்டி சாவியை உருவிக் கையில் எடுத்துக் காட்டினான். "மொதலாளி, சாவி எங்கையில இருக்கு! நிக்க மாட்டேங்கு!"

வெள்ளைத்துரை கதவைத் திறந்தார். இறங்கினார். ஓடினார். கேட்டைப் பார்த்து ஓடி, எல்லாரையும் வெளியேறச் சொல்லியிருந்தால் அது ஒரு கதை. அவர் வந்த ரோட்டிலேயே திரும்பி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தையும் தாண்டி ஓடினார். தம்பியை மடியில் கிடத்தியிருந்தவருடைய கால்கள் அவை. அந்தக் கால்களைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. ஆனால் முனியசாமி பார்த்தான், லோடுக்காரர்கள் பார்த்தார்கள், வேலைக்குப் பிந்தி வந்த கற்பகம் என்கிற பெண்ணும் பார்த்தாள்.

இசக்கிப்பாண்டி ஓடவில்லை. சாவியைத் திரும்பப் போட்டு, பின் கியரைத் தள்ளி, அலறுகிற வண்டியைக் கோட்டிலிருந்து பின்னால் எடுத்தான். திருப்பினான். புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, கருவேலங்கன்றுகளை முறித்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் வண்டியை இறக்கினான். நடுக் கண்மாயில் அது தானாகவே கடைசிக் கதறல் கதறி, வயிறு வெடித்தது போல ஒரு சத்தத்தோடு நின்றது. அவன் இறங்கி நாலு எட்டு வைத்து, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆலையாட்கள் கண்மாய்க்கு ஓடி வந்தார்கள். வெள்ளைத்துரையும் வந்தார். எல்லாருடைய கண்ணும் தன் மேலேதான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஒருவேளை இல்லாமலும் இருந்திருக்கலாம். அவர் நேரே இசக்கிப்பாண்டியிடம் போனார்.

"என்னலே பண்ணித் தொலைச்ச? ஆயில எம்புட்டு ஊத்துன? அளவு தெரியாம ஊத்துனியா? அம்புட்டுப் பேரையும் கொல்லப் பாத்தியேலே!"

இசக்கிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். "அளவாத்தான் ஊத்துனேன் மொதலாளி" என்றான்.

அன்று மாலைக்குள் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். குழுவில் மூன்று நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு போட்டார். "வண்டி மேல குத்தமில்ல நண்பர்களே. டிரைவர் ஆயில் அதிகமா ஊத்திட்டான். அதிகமானா டீசல் வண்டி ஆயிலையே குடிச்சு ஓடும், சாவிக்கு நிக்காது. உங்க டிரைவர்களக் கண்காணிங்க." அதை நாற்பது முதலாளிகள் கேட்டார்கள், நாற்பது டிரைவர்களிடம் சொன்னார்கள். இந்த ஊரில் டிரைவர் வேலைக்கு விண்ணப்பம், சான்றிதழ் எதுவும் கிடையாது. முன்பு இருந்த முதலாளிக்கு ஒரு போன், அவ்வளவுதான். இசக்கிப்பாண்டியின் பெயர் இரண்டே நாளில் "ஆயில் இசக்கி" ஆனது. ஆலையைக் காப்பாற்றியவன் என்று முனியசாமி போய் நாலு இடத்தில் சொன்னான். வாட்ச்மேன் பேச்சுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்புதான் அதற்குக் கிடைத்தது.

மதுரை மெக்கானிக் மகேஷ்குமார் இன்ஜினைப் பிரிக்கப் பத்து நாள் ஆனது. நேரில் வரச் சொன்னான். வெள்ளைத்துரை பஸ்ஸில் போனார். மேசை மேல் விரலளவு குழாய் ஒன்றை எடுத்து வைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான் மகேஷ்குமார். உள்ளே கறுப்பாக அடைத்திருந்தது. காற்றுப் போகிற அளவுகூட வழியில்லை.

"எண்ணெய்ச்சட்டி அடில பிடிச்சிருக்குமே, அந்த மாதிரிதான் அண்ணாச்சி. இன்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆயில் கொண்டுபோற குழாய் இது. வேகமா வந்தா டர்போ பழுக்கக் காஞ்சிருக்கும். ஆயில் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் சூடு இறங்கும். டக்குனு அணைச்சா ஆயில் அங்கனயே நின்னு கருகும். தினமும் கொஞ்சங் கொஞ்சமா அடைச்சு, டர்போ தேஞ்சு, ஆயில் இன்ஜினுக்குள்ள இறங்கிருச்சு. அதக் குடிச்சுத்தான் ஓடிருக்கு."

"ஆயில் அதிகமா ஊத்துனாலும் இப்படி ஆகும்ல?" என்று கேட்டார் வெள்ளைத்துரை. ஆகும் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது அவருக்கு.

"ஆகும். ஆனா அதுனால இந்தக் குழாய் அடைக்காது. நாலு வருச வேல இது. டிரைவர் மேலயும் குத்தமில்ல, இன்ஜின் மேலயும் குத்தமில்ல. ரெண்டு நிமிசம் ஓட விட்டு அணைச்சிருந்தா இன்னும் பத்து வருசம் அசராது. மொத சர்வீஸ்லயே இசக்கியண்ணன்ட்ட சொல்லிவிட்டேனே, சொல்லலையா?"

வெள்ளைத்துரை எழுந்தார். அந்தக் குழாயை ஒரு காகிதத்தில் பொதிந்து வாங்கிக்கொண்டார். திருமங்கலம் தாண்டும் வரைக்கும் அதைக் கையில் வைத்தபடியே வந்தார். தம்பிக்காகப் போட்ட கோடு. அந்தக் கோட்டில் அணைத்து அணைத்துத்தான், அணைக்கவே முடியாத ஒரு இன்ஜினை அவர் அந்தக் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். கோட்டின் மேல் தப்பில்லை. கோட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்கப் பொறுக்காத தன் திமிர்தான் தப்பு. இது அவருக்கு அந்த பஸ்ஸிலேயே சுத்தமாக விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று பிறகு அவர் சாதிக்க முடியாது.

வீட்டில் மனைவி செல்லக்கனியிடம் மட்டும் சொன்னார். அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இசக்கி மேல தப்பில்லேல்ல?"

"இல்ல."

"அப்பன்னா அந்த குரூப்புல சொல்லிருங்க. அவன் பொண்டாட்டி அழகுமீனா நேத்து கடைத்தெருவுல என்னயப் பாத்துட்டு ஒதுங்கிப் போறா. எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. மூணு எடத்துல வேல கேட்டுருக்கான், மூணு எடத்துலயும் சிரிச்சு அனுப்பிருக்காக."

"சொல்றேன்."

"எப்பச் சொல்வீக?"

"சொல்றேன்னேன்ல."

சொல்லத்தான் நினைத்தார். செல்போனை எடுத்து, "நண்பர்களே, அன்னைக்கு நான் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்தார், அழித்தார். இப்படி நாலைந்து தடவை. காரணத்தைச் சொன்னால் வெள்ளைக்கோட்டைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்கோட்டு முதலாளி தன் கோட்டாலேயே வண்டியைக் கெடுத்துக்கொண்டார் என்று சாத்தூர் வரைக்கும் சிரிப்பார்கள். கோட்டைச் சொன்னால் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். கேட்டால், டிரைவர் வண்டியோடு இருந்தான், முதலாளி எங்கே இருந்தார் என்ற கேள்வி வரும். இசக்கிப்பாண்டி மேல் விழுந்த பழி ஒருத்தன் மேல் விழுந்த பழி. இதுவோ, பதினேழு வருடமாகச் சேர்த்த பெயர். இப்படித்தான் அவர் தராசு பிடித்தார். அதில் எந்தத் தட்டு இறங்கும் என்று பிடிக்கும்போதே அவருக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்து, காலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாத்தூர் ரோட்டில் ஆலை வைத்திருக்கும் சரவணக்குமார். அதே குழுவில் இருப்பவர், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர். கை எச்சிலாக இருந்ததால் செல்லக்கனி போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? ஒரு விசயம். உங்ககிட்ட இருந்த இசக்கிப்பாண்டி வேலைக்கு வந்து நிக்கான். ஆளு பாத்தா பதவிசாத்தான் இருக்கான். தம் மேல தப்பில்ல, எங்க மொதலாளியையே கேளுங்கங்கான். அதான் அவன் முன்னாலயே உங்களுக்கு அடிக்கேன். ஸ்பீக்கர்லதான் போட்டுருக்கேன். சொல்லுங்க."

செல்லக்கனி சட்னிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். வெள்ளைத்துரை விழுங்கிக்கொண்டார். அவரும் மனிதர்தான். வார்த்தை தானாகவே வந்தது.

"அவன் மேல தப்பில்ல தம்பி. நல்லா ஓட்டுவான். வச்சுக்கிடுங்க."

"அப்ப ஆயில் அதிகமா ஊத்துனது?"

"அதெல்லாம்... இல்ல. அவன் மேல தப்பில்ல."

சரவணக்குமார் அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, உங்க மனசு யாருக்கு வரும்! அம்புட்டுப் பெரிய இன்ஜினக் காலி பண்ணவன், நூத்தி எம்பது உசுரோட வெளையாடுனவன், அவன் பொழப்புக் கெட்டுறக்கூடாதுன்னு இப்படிச் சொல்றீக பாருங்க. ஏப்பா, கேட்டியா? இப்படி ஒரு மொதலாளி உனக்கு எங்க கெடைப்பாக? அண்ணாச்சி, உங்களுக்காக வச்சுக்கிடலாம்தான், ஆனா எனக்கும் அதே ஆறு சிலிண்டருல்ல? பயமா இருக்கு."

வெள்ளைத்துரைக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தது. உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, நல்ல பெயரும் வந்தாயிற்று. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று, பெரிய மனிதர்கள் பாராட்டை மறுக்கிற குரலில் சொன்னார்.

அப்போது போனில் இன்னொரு குரல் கேட்டது. கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிற குரல். பதினொரு வருடம் தினமும் கேட்டது.

"மொதலாளி, காரணத்தையும் சொல்லிருங்க மொதலாளி. மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டேன், மெக்கானிக்கு உங்ககிட்ட சொன்னாப்லயாமே. அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

சரவணக்குமார் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "என்ன காரணம் அண்ணாச்சி?"

வெள்ளைத்துரை எச்சில் கையை உதறிவிட்டுப் போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"ஹலோ? ஹலோ... தம்பி, கேக்கலையே. ஹலோ... இங்கன சிக்னலு சரியில்ல" என்றார். போனை அணைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

செல்லக்கனி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"எனக்கு நல்லாத்தான கேட்டுச்சு" என்றாள்.